குட்டியின் பங்கு: ஆட்டுப்பாலும் கண்டித் தோட்ட வாழ்வும் – ஒரு வரலாற்று நோக்கு

பேராதனை வளாகத்துக்கு மேலே ஹந்தானை மலைச்சரிவிலும், அதற்கப்பால் கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும், லயங்களின் பின்புறத்தே மரச்சட்டங்களால் நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டப்பட்ட சிறு ஆட்டுக்கொட்டில்களை இன்றும் ஆங்காங்கே காணலாம். பொழுது சாயும் வேளையில், ஈன்று சில வாரங்களான ஆட்டிடமிருந்து குட்டிகளைப் பிரித்துக் கூடையால் மூடி வைப்பர். விடியற்காலையில், பிரட்டுக்குச் செல்லுமுன், வீட்டுப் பெண் ஒரு செம்புடன் சென்று ஆட்டைக் கறப்பாள். மடி முற்றாக வற்றுவதற்கு முன்னரே கறப்பதை நிறுத்திக் குட்டிகளை அவிழ்த்துவிடுவாள். அவை முட்டி முட்டிக் குடித்துப் பகல் முழுவதும் தாயுடன் நிற்கும். மாலையில் மீண்டும் கூடை கவிழும்.

எவ்வளவு கறக்கலாம், எவ்வளவு விடவேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. கறப்பவளின் கையே அதனை அறியும். எனினும், மிகச் சிறியதாகத் தோன்றும் இவ்வழக்கத்தினுள்ளே ஒரு பழைய வரலாற்றுக் கேள்வி அடங்கியுள்ளது. ஒரு தாயின் பாலில் அதன் குட்டிக்குரிய பங்கு எவ்வளவு? மனிதன் எடுத்துக்கொள்வது எவ்வளவு? அதனை நிர்ணயிப்பது இரக்கமா, அல்லது வேறொன்றா? இரக்கத்தைக் காட்டிலும் குட்டி யாருக்கு உரியது என்பதே இப்பங்கை நிர்ணயித்து வந்துள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குட்டி வளர்வதில் எவருக்கு நலன் உண்டோ அவர் பாலை விட்டுவைக்கிறார். நலன் இல்லாதவர் முழுவதையும் கறந்துவிடுகிறார்.

முதற்கண் ஆட்டின் இயல்பை நோக்குவோம். வெள்ளாடு ஏறக்குறைய ஐந்து மாதங்கள் சினையாக இருந்து ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும். ஈன்ற முதற் சில நாட்களில் வரும் சீம்பால் குட்டிக்கே உரியது. நோய்களை எதிர்க்கும் ஆற்றலைக் குட்டி அதிலிருந்தே பெறுகின்றமையால், அதனைக் கறத்தல் ஆகாது என்பதை எழுத்தறியாத ஆட்டுக்காரரும் அறிவர். அடுத்த சில வாரங்களுக்கும் குட்டியின் உணவு பால் ஒன்றே. அதன் பின்னரே அது தழையைக் கடிக்கத் தொடங்கும். அசைபோடும் இரைப்பை மெல்ல மெல்ல வளரும். குட்டிகளைத் தாயுடன் விட்டுக்கொண்டே நாளுக்கு ஒருமுறை கறக்கும் வழக்கம் இக்காலப் பகுதிக்கு உரியதாகும்.

இங்கு ஆட்டுக்கும் நம் நாட்டுப் பசுவுக்கும் உள்ள ஒரு வேறுபாடு மனங்கொளத்தக்கது. நாட்டுப்பசு கன்று ஊட்டினாலன்றிப் பெரும்பாலும் பாலை இறக்காது. அதன் மடியில் பாலின் பெரும்பகுதி நுண்ணிய சுரப்பறைகளிலேயே தங்கியிருக்கும். கன்றின் தீண்டலால் உடலில் எழும் இயக்குநீரே அதனை வெளித்தள்ளும். ஆட்டின் மடியிலோ பாலின் பெரும்பகுதி காம்புக்கு மேலுள்ள பையில் ஏற்கனவே இறங்கி நிற்கும். ஆகவே குட்டி அருகில் இல்லாதபோதும் ஆட்டைக் கறக்க இயலும். பசுவினிடத்தில் கன்று கறப்பவனுக்குத் தேவையான ஒரு துணை. ஆட்டினிடத்தில் அத்தேவை இல்லை. அவ்வாறாயின், ஆட்டுக்காரர் குட்டிக்குப் பால் விடுவது கறவையின் வசதிக்காக அன்று. அது அவர் மேற்கொண்ட ஒரு தெரிவு என்பது புலனாகின்றது. அத்தெரிவின் காரணத்தையே நாம் தேடவேண்டியுள்ளது.

தமிழர் வாழ்வில் ஆட்டினம் மிகப் பழைமையானது. இளமைப் பெயர்களை வகுத்துக் கூறும் தொல்காப்பிய மரபியல், ஆட்டின் இளமைக்கு ‘மறி’ என்னும் பெயரை உரிமையாக்குகின்றது. முல்லைநில ஆயரைக் கலித்தொகை கோவினத்தார், கோட்டினத்தார், புல்லினத்தார் என வேறுபடுத்திக் காட்டும். முறையே பசுவும் எருமையும் ஆடும் மேய்ப்போர் இவர். ஆயின், பாலுக்கும் குட்டிக்கும் இடையிலான கணக்கைத் தெளிவாகக் காண்பதற்கு நாம் சோழர் காலக் கல்வெட்டுக்களுக்கே செல்லவேண்டும்.

கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிப்பதற்குத் தானம் செய்வோர், நெய்க்காக ஆடுகளை அளித்தனர். தஞ்சைப் பெருங்கோயிற் சாசனங்களின்படி ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்பது கணக்கு. இவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். இவ்வாறு அளிக்கப்பட்ட ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருப்பது எங்ஙனம்? இறந்ததன் இடத்தில் ஒரு குட்டி வளர்ந்து நிற்பதனாலேயே மந்தை சாவாததாகின்றது. மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையாது. குறையாதிருக்கும் பொறுப்பு இடையனுடையது. எண்ணிக்கைக்கு மேற்பட்டுப் பெருகியது அவனுக்கே பயன்பட்டது.

இக்கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தல் தகும். சோழர்கால முகத்தல் அளவுகள் இடத்துக்கிடம் வேறுபட்டன. ஆயினும் பிற்கால வழக்கிலிருந்த உழக்கை ஏறக்குறைய 168 மில்லிலீற்றர் எனக் கொள்வோமாயின், அவ்வளவு நெய்க்கு, கடைதலில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, நான்கு அல்லது ஐந்து லீற்றர் பால் வேண்டும். அதனை 96 ஆடுகளுக்குப் பங்கிட்டால் ஓர் ஆட்டுக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் வரும். மந்தையில் மூன்றில் ஒரு பங்கே கறவையில் நின்றது எனக் கொண்டாலும் ஒன்றுக்கு 150 மில்லிலீற்றரே ஆகும். பழைய உழக்கு இதனினும் பெரிதாக இருந்திருப்பினும் கணக்கின் போக்கு மாறாது. தெய்வத்தின் விளக்குக் கேட்டது மடியின் ஒரு சிறு பகுதியையே. மழைபொய்த்த காலமும் நோயும் இடையனின் சொந்த உணவும் இக்கணக்கில் அடங்கியிருக்கும் என்பது உண்மை. எனினும் எஞ்சியதில் முதன்மையான பங்கு குட்டிக்கே சென்றிருத்தல் வேண்டும். குட்டியின் பாலைக் கறந்து இன்று விளக்கெரித்தால் நாளை விளக்கு அணைந்துவிடும் என்பதை அச்சாசனங்களை வகுத்தோர் நன்கு அறிந்திருந்தனர். ஈழத்திலும் சோழராட்சிக் காலத்தில் விளக்கெரிப்பதற்காகக் கால்நடைகள் தானம் செய்யப்பட்டமையைத் திருகோணமலைப் பகுதித் தமிழ்ச் சாசனங்கள் காட்டுகின்றன.

இதற்கு நேர்மாறான நிலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்கத்தாவில் காண்கிறோம். நகரத்துப் பாற்காரனுக்குப் பால் பணமாகும். கன்றோ இடத்தையும் பாலையும் விழுங்கும் ஒரு சுமை. கன்று பட்டினியால் இறந்தாலும் அவனுக்கு இழப்பில்லை. பால் வற்றியதும் பசுவையே இறைச்சிக்கு விற்றுவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்வான். ஆனால் கன்றில்லாத பசு பாலை இறக்காது. ஆகவே அதன் பின்புறத்தே காற்றை ஊதி வற்புறுத்திப் பால் இறக்கும் ‘பூக்கா’ என்னும் கொடிய முறை கையாளப்பட்டது. 1890 ஆம் ஆண்டின் இந்திய விலங்குவதைத் தடைச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. காந்தியடிகள் பசுவின் பாலையும் எருமையின் பாலையும் துறந்தமைக்கு இம்முறையைப் பற்றி அவர் அறிந்ததும் ஒரு காரணமாகும். கடும் நோய்க்குப் பின்னர் 1919 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவர் பால் அருந்துமாறு வற்புறுத்தியபோது, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டவர் கஸ்தூரிபாய். காந்தி இணங்கினார், ஆயினும் விரதத்தின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கைவிட்டதாகவே தம் வாழ்க்கை வரலாற்றில் வருந்தி எழுதினார். அவர் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து கண்டியிலும் மலைநாட்டிலும் மக்களைச் சந்தித்தார். அம்மக்களுள் தேயிலைத் தோட்டத் தமிழரும் இருந்தனர்.

இனிக் கண்டியை நோக்குவோம். 1660 இல் சிறைப்பட்டு 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில் இந்நாட்டு விலங்குகளைப் பட்டியலிடுகிறார். அதில் வெள்ளாடு உண்டு. செம்மறி இல்லை என்கிறார். மழையும் ஈரமும் மிகுந்த மலைநாட்டுக்குச் செம்மறி பொருந்தாது. வெள்ளாடும் ஈர நிலத்தில் நோயுறும். பரண்போல் உயர்ந்த கொட்டில் வேண்டப்பட்டமைக்கு இதுவே காரணம். இன்றும் இலங்கையின் ஆடுகளுட் பெரும்பகுதி உலர் வலயத்திலேயே உள்ளது. கண்டி ஆட்டுக்கு உகந்த நாடன்று. அவ்வாறிருந்தும் தோட்ட லயங்களில் அது நிலைபெற்றதெனின், அதற்கு மனிதக் காரணமே இருந்திருத்தல் வேண்டும்.

1824 இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பலர் தமிழகத்திலிருந்து பருவத்துக்கு வந்து பறிப்பு முடிந்ததும் திரும்பியவர்கள். அத்தகையோருக்கு ஆடு வளர்ப்பது இயலாத காரியம். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் கைகளை வேண்டுவது. ஆகவே பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் ஆடுமாட்டுடன் பழகிய கைகளுக்கு மலைநாட்டிலும் ஓர் ஆடு தேவைப்பட்டது.

அத்தேவை பாலுக்காக மட்டும் எழுந்ததன்று. தோட்டத் தொழிலாளிக்கு நிலம் இல்லை. குடியிருந்த அறையும் தோட்டத்துக்கே உரியது. தனக்கென்று அவன் சேர்க்கக்கூடிய சொத்துக்களுள் ஆடும் ஒன்று. பலா இலையும், தேயிலைக்கு நிழல்தரும் முருக்கின் கிளையும், சாலையோரப் புல்லும் அதற்குப் போதும். குட்டி வளர்ந்தால் அது சடங்குச் செலவு, தீபாவளிச் செலவு, கங்காணிக்கும் கடைக்காரனுக்கும் தீர்க்கவேண்டிய கடன். ஆடு வாங்க இயலாதவன் பிறருடைய ஆட்டை வாரத்துக்கு வளர்ப்பான். வாரமுறையில் குட்டிகள் இருவருக்கும் பங்காகும். பாலும் சாணமும் வளர்ப்பவனுக்கு. இங்கும் கணக்கு ஒன்றே: பாலை முழுவதும் கறப்பவன் தன் பங்குக் குட்டியையே கொல்கிறான். சோழர் காலத்து இடையனைக் கட்டுப்படுத்திய அதே நியதி, சாசனமும் கோயிலும் இல்லாத லயத்திலும் அவ்வாறே இயங்கியது.

இவ்விடத்தில் நம் பார்வை கொட்டிலிலிருந்து லயத்துக்குத் திரும்புவது தவிர்க்கவியலாதது. விடியற்காலையில் ஆட்டைக் கறந்து குட்டியை அவிழ்த்துவிட்ட அதே பெண், தன் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறினாள். மார்பிற் பால் கட்டி வலிக்க, கொழுந்துக் கூடை நிறையும்வரை அவள் காத்திருந்தாள். குட்டிக்கு அவள் விட்டுவைத்த பங்கை அவளுடைய குழந்தைக்கு விட்டுவைத்தவர் யார்? தோட்டங்களில் சிசு மரணம் நாட்டின் பிற பகுதிகளைவிட நெடுங்காலம் கூடுதலாகவே இருந்து வந்தது. கடலுக்கு அப்பாலிருந்து கங்காணி புதிய ஆட்களைக் கொண்டுவரக் கூடியவரையில், லயத்திற் பிறந்த குழந்தை வளர்வதில் தோட்ட முதலாளிக்கு உடனடி நலன் குறைவு. கல்கத்தாப் பாற்காரன் புதுப் பசு வாங்கியதை ஒத்த நிலை இது.

1939 ஆம் ஆண்டு இவ்வகையில் ஊன்றி நோக்கற்பாலது. இலங்கை அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர் நீக்கப்பட்டதைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. புதிய ஆட்களின் வருகை நின்றது. அதே ஆண்டிலேயே இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டது. ஒன்று மற்றையதற்குக் காரணம் என்று கூறுவதற்கில்லை. தொழிலாளர் இயக்கத்தின் வளர்ச்சியும் அரசாங்க சபையில் எழுந்த குரல்களும் இவ்வகைச் சட்டங்களுக்குத் துணைநின்றன. எனினும் வெளியிலிருந்து ஆள் வாராத காலத்திலேயே உள்ளே பிறந்த குழந்தைக்குப் பெறுமதி ஏறுகின்றது என்பது சிந்திக்கத்தக்கது. பிற்காலத் திருத்தங்களுடன் அச்சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு வேலைநாளில் இரண்டு இடைவேளைகளை உரிமையாக்கியுள்ளது. பிள்ளைக் காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்குக் குறையாது. இல்லாத இடத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. குட்டியின் பங்கைக் கையால் அளந்தவளுக்குத் தன் குழந்தையின் பங்கு சட்டத்தால் அளக்கப்பட்டது.

ஆனால் இந்நியதிக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை நான் நூல்களிலிருந்து அறியவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974 வரை தீர்மானிக்கப்படவில்லை. 1973 இலும் 1974 இலும் அரிசியும் மாவும் அரிதாகித் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அக்காலத்தில் என் அப்பாயி கண்டிக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவரிடம் ஓர் ஆடு நின்றது. அது கிடாய்க் குட்டியொன்றை ஈன்றிருந்தது. உண்ண உணவின்றி அவருடைய மார்பிற் பால் வற்றியது. ஆட்டைக் கறந்து தம் குழந்தைக்கு ஊட்டினார். முதலிற் பாதியை விட்டார். பின்னர் காற்பங்கை விட்டார். பின்னர் எதையும் விடவில்லை. குட்டி இறந்தது. அக்குழந்தை என் பெரியப்பா.

இதனை அப்பாயி எமக்குச் சொன்னது ஒரே ஒரு முறைதான். குட்டியை ஏன் விற்றிருக்கலாகாது என்று நான் கேட்டேன். வாங்குவதற்கு யாரிடம் பணம் இருந்தது என்று அவர் திருப்பிக் கேட்டார். குட்டி அவருக்கே உரியது. அதன் வாழ்வில் அவருக்கு முழு நலனும் இருந்தது. எனினும் அதன் பங்கை அவரால் விட்டுவைக்க முடியவில்லை. குட்டி யாருக்கு உரியது என்பதே பங்கை நிர்ணயிக்கின்றது என்று மேலே கூறினேன். அதனோடு ஒன்றைச் சேர்க்க வேண்டியுள்ளது: நாளை என்பது ஒன்று இருக்கும் என்ற உறுதி உள்ளவரே குட்டிக்குப் பால் விட இயலும். சாவா மூவா என்று கல்லில் வெட்டிய சோழர்காலச் சமுதாயத்துக்கு அவ்வுறுதி இருந்தது. அடுத்த ஆண்டு எந்த நாட்டில் இருப்போம் என்று அறியாதவருக்கு அது இல்லை.

இன்று ஆட்டுப்பால் பற்றிய ஆய்வு நம் கண்முன்னேயே நடைபெறுகின்றது. இப்பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் 1980 இல் தனிப் பீடமாயிற்று. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகின்றது. யமுனைக்கரையிலிருந்து வந்த ஜமுனாபாரியும் சுவிற்சர்லாந்தின் சானனும் இந்நாட்டு ஆடுகளுடன் கலக்கப்பட்டுள்ளன. ஐரோப்பியப் பண்ணைகள் பலவற்றில் ஈன்றவுடனேயே குட்டி தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுப் புட்டிப்பாலில் வளர்க்கப்படுகின்றது. தாய்ப்பாலினூடாகப் பரவும் நோய்களைத் தடுப்பதற்கு அது உதவும். விற்பனைக்குரிய பாலும் கூடும். ஆயின் அம்முறைக்கு மலிவான பால்மாவும் தூய வெந்நீரும் இடைவிடாத கவனிப்பும் வேண்டும். இம்மூன்றும் லயத்தில் எளிதிற் கிடைப்பன அல்ல. நாளுக்கு ஒருமுறை கறந்து, எஞ்சியதைக் குட்டிக்கு விடும் பழைய முறையோ குட்டியையே பால்மாவுக்குப் பதிலியாகக் கொண்டது. கறவைக்குப் பின் குட்டி குடிக்கும் பாலிற் கொழுப்பு மிகுதி. மடி வெறுமையாவதால் சுரப்பும் குன்றாது. ஆகவே இதனைப் பின்தங்கிய முறை என்று ஒதுக்குவது பொருந்தாது; வறிய வீட்டின் நிலைமைக்கு ஏற்ப நன்கு கணிக்கப்பட்ட முறை இது.

அண்மைக் காலம் இதனை மீண்டும் உணர்த்தியது. 400 கிராம் பால்மாப் பொதியொன்றின் விலை 2021 ஒக்டோபரில் 480 ரூபாவாகவும் 2022 மார்ச்சில் 790 ரூபாவாகவும் உயர்ந்தது. அப்பொதியும் கடைகளிற் கிடைக்காத நாட்கள் இருந்தன. பாலுக்காக வரிசையில் நின்ற அம்மாதங்களில், எங்கள் லயத்தில் கொட்டில் உள்ள வீட்டார் மட்டும் பிள்ளைகளுக்குத் தேநீரிற் பால் சேர்த்தனர். அப்பாயி அப்போது உயிருடன் இருந்தார். பக்கத்து வீட்டு இளம்பெண் கறக்கும்போது வாசற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். செம்பு பாதிக்கு மேல் நிறையும்போது, “போதும் தாயி, அதுக்கு விடு” என்று சொல்வார்.

வரலாறு அரசர்களின் கொடையையும் முதலாளிகளின் கணக்கையும் பதிவுசெய்துள்ளது. 96 ஆடுகளின் கணக்கு கல்லில் உள்ளது. 19 ஏக்கரின் கணக்கு நூலில் உள்ளது. ஒவ்வொரு விடியலிலும் ஒரு பெண்ணின் கை அளந்த பங்கு எங்கும் எழுதப்படவில்லை. மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகும் நாம் அந்த அளவையையும் கணக்கிற் கொள்ளவேண்டும். அது குறைந்த ஆண்டுகள் எவை, ஏன் குறைந்தது என்று கேட்டால், சட்டங்களும் உடன்படிக்கைகளும் சொல்லாத பலவற்றை அது நமக்குச் சொல்லும்.